பிள்ளையின் பின்னே போகும் பணம்

(கீழ்பென்னாத்தூரில் நிகழ்ந்த தாய்மொழிக் கல்விக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியன் மேடையேறினால் சொல்லாராய்ச்சி செய்வான் என்று எண்ணி வந்திருப்பீர்கள். இன்று நான் கணக்குப் பார்க்க வந்திருக்கிறேன். நம் வீட்டுப் பிள்ளையின் பெயரால், நம் வரிப்பணத்திலிருந்து, எவர் கைக்கு எவ்வழியே பணம் போகின்றது. அப்பணம் போகும் வழியிலேயே நம் மொழியும் எவ்வாறு வெளியேறுகின்றது. பின்னர்த் தேர்வு என்னும் துலாக்கோலைக் கொண்டுவந்து எஞ்சியிருக்கும் பிள்ளைகளை நிறுத்து, ‘உங்கள் பள்ளி தாழ்ந்தது’ என்று எவ்வாறு தீர்ப்புச் சொல்லப்படுகின்றது. இவையே இன்றைய பேச்சு.

முதலில் கல்விச்சீட்டு என்பது யாது எனத் தெளிவோம். அரசு பள்ளிக்கூடம் நடத்த வேண்டா. பிள்ளைக்கு இவ்வளவு என்று பணமதிப்புள்ள சீட்டொன்றைப் பெற்றோர் கையில் கொடுத்துவிட்டாற் போதும். அவர்கள் தாம் விரும்பிய பள்ளியில் அச்சீட்டைக் கொடுத்துப் பிள்ளையைச் சேர்ப்பர். பள்ளி அதனைக் கருவூலத்தில் காட்டிப் பணமாக்கிக் கொள்ளும். நல்ல பள்ளிக்குச் சீட்டுக் குவியும்; தீய பள்ளி தானே கதவடைக்கும். 1955இல் இதனை எழுத்தில் வடித்தவர் அமெரிக்கப் பொருளியலறிஞர் மில்டன் பிரீட்மன். பள்ளிக்கூடத்திற்கும் கத்தரிக்காய்க் கடைக்கும் வேறுபாடு காணாத கொள்கை இது. கத்தரிக்காய் சொத்தையாயின் அடுத்த கடைக்குப் போகலாம். சொத்தையாய்ப் போன ஐந்தாண்டுப் பிள்ளைமையை எந்தக் கடையில் கொடுத்து மாற்றுவது?

தென்னமெரிக்கச் சிலி நாடு, படைத்தலைவர் பினோசேயின் கொடுங்கோலாட்சியில், 1981இல் இதனை நாடு முழுமைக்கும் கொண்டுவந்தது. அப்போது அந்நாட்டுப் பிள்ளைகளில் முக்காற் பங்கினர்க்கு மேல் பொதுப்பள்ளிகளிற் பயின்றனர். முப்பதாண்டு கழிந்தபோது அப்பங்கு பத்தில் நான்கிற்கும் கீழே இறங்கிற்று. பணமுள்ளவன் சீட்டோடு கைப்பணமும் சேர்த்து ஒரு பள்ளிக்குப் போனான். பணமில்லாதவன் எஞ்சிய பள்ளியில் எஞ்சினான். 2006இலும் 2011இலும் அந்நாட்டு மாணவர் பல்லாயிரவர் தெருவிற்கு வந்து போராடினர். 2015இல், அரசுப்பணம் பெறும் பள்ளிகள் ஆதாயம் ஈட்டக்கூடாது, பிள்ளைகளைச் சலித்தெடுத்துச் சேர்க்கக்கூடாது என்று அந்நாடே சட்டம் செய்ய நேர்ந்தது.

சிலி எங்கே, செஞ்சிச் சாலையிலுள்ள கீழ்பென்னாத்தூர் எங்கே என்று கேட்பீர்கள். சீட்டு என்னும் பெயர் இல்லாமலே அது நம்மூர்க்கு வந்து பத்தாண்டிற்கு மேலாகின்றது.

2009ஆம் ஆண்டின் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தில் நல்லன பல உண்டு. பிள்ளையை அடித்தல் கூடாது, பள்ளிதோறும் இத்துணை ஆசிரியர் இருத்தல் வேண்டும் என்பன போல்வன. அவற்றை நான் பழிக்கவில்லை. ஆனால் 12ஆம் பிரிவைப் பாருங்கள். அரசின் நல்கை பெறாத தனியார் பள்ளிகள் தம் நுழைவு வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகட்கும் ஒடுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகட்கும் ஒதுக்க வேண்டும். அப்பிள்ளைகளின் கட்டணத்தை அரசு அப்பள்ளிக்குத் திருப்பித் தரும். நம் மாநிலத்தில் ஆண்டு வருவாய் 2 இலக்கம் உருபாவிற்குட்பட்ட குடும்பம் நலிந்த பிரிவாகக் கணக்கிடப்படுகின்றது. இணையத்தில் விண்ணப்பம், இடத்தினும் மிகுந்து வந்தால் குலுக்கல். பெற்றோர் கையில் சீட்டு இல்லை. மற்றெல்லாம் அதே ஏற்பாடுதான். பணம் பிள்ளையின் பின்னே போகின்றது.

எங்கே போகின்றது? இங்கேதான் நம் வேலை தொடங்குகின்றது. நம் வட்டத்தில் தனியார் பள்ளி என்றால் என்ன பொருள்? ஆங்கிலவழிப் பள்ளி என்று பொருள். மஞ்சள் வண்ணச் சிற்றுந்து மேக்களூர்க்கும் சோமாசிபாடிக்கும் வேட்டவலத்திற்கும் வந்து அள்ளிச் செல்கின்றதே, அப்பள்ளிகளின் பலகையில் தமிழ்வழி என்று எங்கேனும் எழுதியிருக்கக் கண்டீர்களா? ஆகவே 12ஆம் பிரிவு தமிழ்நாட்டில் என்ன செய்கின்றது எனில், தமிழ்வழியில் பயின்றிருக்கக் கூடிய ஏழைப் பிள்ளையைத் தமிழர் வரிப்பணம் கொடுத்து ஆங்கிலவழிக்கு ஏற்றிவிடுகின்றது.

அதே சட்டத்தின் 29ஆம் பிரிவை எத்துணைப் பேர் படித்திருப்பீர்கள்? பயிற்றுமொழி, இயன்றவரை, குழந்தையின் தாய்மொழியாய் இருத்தல் வேண்டும் என்று அப்பிரிவு கூறுகின்றது. ஒரே சட்டம், ஒரே அச்சு, இடையே பதினாறு பிரிவு. ஆனால் 12ஆம் பிரிவு பணத்தோடு வருகின்றது. 29ஆம் பிரிவு ‘இயன்றவரை’ என்னும் ஒரு சொல்லோடு வருகின்றது. பணம் ஓடுகின்றது, சொல் நிற்கின்றது.

இயலும்படி செய்ய நாம் முயலாமல் இல்லை. 1999ஆம் ஆண்டு தமிழ்ச் சான்றோர் நூற்றுவர்க்கு மேற்பட்டோர் சென்னையில் உண்ணாநோன்பு இருந்தனர். அதன்பின் நடுவர் மோகன் குழு அமைந்தது. ஐந்தாம் வகுப்பு வரை தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழியாதல் வேண்டும் என்று அவ்வாண்டு இறுதியில் அரசாணையும் வந்தது. மறு ஆண்டே சென்னை உயர்வழக்குமன்றம் அதனைச் செல்லாதாக்கிற்று. 2014 மே 6ஆம் நாளை நம் பிள்ளைகள் நாட்குறிப்பில் எழுதிவைத்தல் வேண்டும். அந்நாளில் தில்லி உச்ச வழக்குமன்றத்தின் அரசமைப்பு ஆயம் இரு தீர்ப்புகளை அளித்தது. கருநாடக அரசு தாய்மொழிவழிக் கல்வியைத் தனியார் பள்ளிகள்மேல் கட்டாயமாக்க இயலாது என்பது ஒன்று. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையர் பள்ளிகளைக் கட்டாது. பிற தனியார் பள்ளிகளில் நான்கில் ஒரு பங்கு இடம் செல்லும் என்பது மற்றொன்று. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். அரசு அப்பள்ளிக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். ஆனால் அப்பள்ளி எம்மொழியிற் கற்பிக்க வேண்டும் என்று கேட்க அரசிற்கு உரிமை இல்லை! கூலி நாம் கொடுக்க வேண்டும்; நடவு எந்தக் கழனியில் என்று கேட்கக்கூடாது.

இன்னுமொரு நுட்பம். திருப்பித் தரும் தொகை எவ்வளவு? அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செலவிடும் தொகை, அல்லது அத்தனியார் பள்ளி வாங்கும் கட்டணம். இவ்விரண்டில் எது குறைவோ அது. கேட்பதற்கு நயன் போலத் தோன்றும். 1993இல் அம்பத்தூரில் தோழர் தியாகு முதலானோர் தாய்த்தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். நமக்கு அண்மையில் திண்டிவனத்தில் பேராசிரியர் கல்விமணி அவ்வழியில் ஒரு பள்ளி கண்டார். ஏழைப் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கக் கூசி, அன்பர்களிடம் கையேந்தி நடத்தும் பள்ளிகள் அவை. கட்டணமே வாங்காத பள்ளிக்கு இக்கணக்கின்படி வருவது என்ன? சுழி. கட்டணம் மிகுதியாக வாங்கும் ஆங்கிலப் பள்ளிக்கு அரசின் முழு அளவுத் தொகை. 1991-92 பள்ளியாண்டிலிருந்து தொடங்கப்பெற்ற தனியார் பள்ளிகட்கு ஆசிரியர் ஊதிய நல்கையும் கிடையாது. ஆகத் தமிழ்வழியில் பள்ளி நடத்துவோனுக்கு முன்வாயிலும் அடைப்பு, பின்வாயிலும் அடைப்பு.

இனி, நம் ஊர்ப் பள்ளிக்கு வருவோம். இதனைத் தாய்மார்கள் கூர்ந்து கேட்க வேண்டும். தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர் என்பது அச்சட்டத்தின் அட்டவணை. ஒரு சிற்றூரில் 62 பிள்ளைகள் பயில்வதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆசிரியர் இருப்பர். குலுக்கலில் பெயர் விழுந்து மூன்றே மூன்று பிள்ளைகள் சிற்றுந்து ஏறிவிட்டனர். 59 ஆயிற்று. பணிநிரவல் என்னும் பெயரில் மூன்றாம் ஆசிரியர் வேறூர்க்கு மாற்றப்படுவார். மூன்று பிள்ளை போனதற்கு ஓராசிரியர் போனார். எஞ்சிய 59 பிள்ளைகட்கும் ஐந்து வகுப்பிற்கும் இருவரே. அவ்விருவரில் ஒருவர் தலைமையாசிரியர். அவர்க்குப் பதிவேடு, கூட்டம், கணக்கு. அவ்வாண்டு முடிவதற்குள் இன்னும் பத்துப் பெற்றோர், ‘இங்கே ஆசிரியரே இல்லை’ என்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போவர். அவர்கள் சொல்வது மெய்தானே! ‘தீய பள்ளி தானே கதவடைக்கும்’ என்றாரே பிரீட்மன், அப்பள்ளி தீயதாக்கப்பட்ட முறை இதுதான்.

போன பிள்ளைக்கேனும் நலம் விளைந்ததா? சிலர்க்கு விளைந்திருக்கலாம், மறுக்கமாட்டேன். நம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு தாய் என்னிடம் வந்தார். கணவர் பெங்களூருவில் கட்டட வேலை. மகனுக்குக் குலுக்கலில் இடம் கிடைத்தது. “கட்டணம் இல்லை என்றார்கள் ஐயா. ஆனால் பொத்தகத்திற்கு, சீருடைக்கு, வண்டிக்கு, விழாவிற்கு என்று ஆண்டுதோறும் கைக்காசு போயிற்று. இப்போது எட்டு முடித்துவிட்டான். ஒன்பதாவதிலிருந்து முழுக் கட்டணம் கட்டு என்கிறார்கள். எங்கே போவேன்?” என்றார். சட்டம் எட்டாம் வகுப்போடு முடிகின்றது, அதுவரைதான் அரசுப்பணம். பையனைச் சேர்த்துக்கொண்டோம். அறிவியற் பாடத்தில் வேர்முடிச்சு என்றேன், விழித்தான். ‘ரூட் நாட்யூல்’ என்றேன். உடனே ஆங்கிலத்தில் இரண்டு வரி ஒப்பித்தான். பொருள் கேட்டேன், தெரியவில்லை. அவன் வீட்டுக்கொல்லையில் பிடுங்கிப் போட்டிருக்கும் மல்லாட்டைச் செடியை வேரோடு எடுத்துவரச் சொன்னேன். அவ்வேரில் மிளகுபோல் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் நீ ஒப்பித்தது, காற்றிலுள்ள தழையூட்டத்தைச் செடிக்கு வாங்கித் தருவது அதுதான் என்றேன். பையன் நல்ல அறிவாளி. எட்டாண்டு அவன் அறிவிற்கும் அவன் கொல்லைக்கும் நடுவே ஒரு திரை தொங்கவிட்டிருந்தார்கள்.

அத்தாய்க்கு ஒருவரும் சொல்லாத செய்தி மற்றொன்று உண்டு. தமிழ்வழியிற் பயின்றார்க்கு மாநில அரசுப் பணியில் 20 விழுக்காடு இடம் முதன்மையாக ஒதுக்கும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அது திருத்தப்பட்டு, முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியிற் பயின்றிருத்தல் வேண்டும் என்றாயிற்று. ஐந்தகவைப் பிள்ளையை ஆங்கிலவழியிற் சேர்த்த அன்றே அவ்வுரிமை கைநழுவிவிடுகின்றது. இருபதாண்டு கழித்துத் தேர்வாணைய விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் அது தெரியவரும். சேர்க்கைக் காலத்தில் எந்தத் தனியார் பள்ளியின் துண்டறிக்கையிலேனும் இதனைப் படித்ததுண்டா?

அப்பணம்கூட நம் கையில் இல்லை என்பதை 2025ஆம் ஆண்டு காட்டிற்று. ஒன்றிய அரசின் பி.எம். சிறீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையொப்பமிட மறுத்தது. அதனை ஏற்பது புதிய கல்விக் கொள்கையையும், அதன்வழி மும்மொழித் திட்டத்தையும் ஏற்பதாகும் என்பதனால். உடனே 2024-25ஆம் ஆண்டிற்குரிய ஒருங்கிணைந்த கல்வித் திட்டப் பணம் 2,152 கோடி உருபா நிறுத்தப்பட்டது. தமிழ்நாட்டரசு உச்ச வழக்குமன்றம் சென்றது. 2025-26 பள்ளியாண்டில் நான்கிலொரு பங்குச் சேர்க்கை உரிய காலத்தில் தொடங்கவே இல்லை. வழக்கு நடந்து, பள்ளி திறந்து திங்கள்கள் பல கழிந்து, அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கிற்று. ஒரு மொழியை ஏற்காத குற்றத்திற்கு ஐந்தகவைக் குழந்தையைப் பிணை வைத்த கொடுமை இது. நம் வரிதான் தில்லிக்குப் போகின்றது. அதுவே நம்மை மிரட்டத் திரும்பி வருகின்றது.

இனித் தேர்ச்சித் தேர்வுக்கு வருவோம். பிள்ளையின் தேர்ச்சியை அளந்து, அதற்கேற்பப் பள்ளிக்குப் பணம் கொடுப்பதும் குறைப்பதும் புதிய அறிவு என்று சிலர் பேசுகின்றனர். நூற்றறுபதாண்டுப் பழமை அது.

1862இல் இங்கிலாந்தில் இராபர்ட்டு லோ என்பார் கொண்டுவந்த சட்டத்தொகுப்பின்படி, பிள்ளை ஒழுங்காக வந்தால் 4 சில்லிங்கு; படிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறினால் 8 சில்லிங்கு; ஒன்றில் தவறினாலும் 2 சில்லிங்கும் 8 பென்சும் வெட்டு. பள்ளி ஆய்வாளராய்ப் பணியாற்றிய பாவலர் மாத்தியூ ஆர்னால்டு, இது பள்ளியைப் பொறியாக்கிவிடும் என்று அன்றே கடுமையாக எதிர்த்தார். ஆய்வாளர் கேட்கும் பாடநூலைப் பிள்ளைகள் நெட்டுருச் செய்தனர். நூலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் பிழையின்றி ஒப்பித்தனர். அந்நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தே அதனைக் கைவிட்டது.

அதற்குள் அது கப்பலேறிச் சென்னை மாகாணத்திற்கு வந்துவிட்டிருந்தது. 1826இல் ஆளுநர் தாமசு மன்றோ எடுத்த கணக்கில் இம்மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றுட் பெண்களும் ஒடுக்கப்பட்டோரும் நுழைய முடியாதிருந்ததை மறைத்து, பொற்காலம் என்று பாட நான் வரவில்லை. ஆயினும் அவை ஊர் நடத்திய பள்ளிகள். ஊர்மொழியில் நடந்த பள்ளிகள். எண்சுவடியும் குழிமாற்றும் நெல்லிலக்கமும் அத்திண்ணைகளில் ஒலித்தன. தேர்ச்சிக்கேற்ற நல்கை வந்தபின், ஆண்டிற்கொருமுறை ஆய்வாளர் வந்து, தலைக்கு இவ்வளவு, பாடத்திற்கு இவ்வளவு என்று கணக்கிட்டார். நல்கை கிடைக்கும் பாடம் நின்றது. நல்கை இல்லாப் பாடம் தேய்ந்தது. மெல்லக் கற்கும் பிள்ளை ஆசிரியரின் வருவாயைக் குறைக்கும் பிள்ளையாயிற்று. 1882இன் அண்டர் குழு தொடக்கப்பள்ளிகட்கு அதுவே ஏற்றதென்றது. 1904இல் கர்சனின் அரசு வெளியிட்ட கல்விக்கொள்கை அம்முறையைத் தள்ளிவைத்தது. வெள்ளைக்காரனே வேண்டாவென்று குப்பையிற் கொட்டியதை நாம் பொறுக்கியெடுத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறோம்.

அமெரிக்கா அதே குழியில் மீண்டும் விழுந்தது. எந்தப் பிள்ளையும் பின்தங்கலாகாது என்னும் சட்டத்தை 2002இல் இயற்றி, 2014க்குள் அனைத்துப் பிள்ளைகளும் படிப்பிலும் கணக்கிலும் தேர்ச்சியடைய வேண்டும், அடையாத பள்ளிக்குத் தண்டனை என்றனர். 2011இல் அட்லாண்டா நகரில் அரசு ஆய்வு நடத்தியபோது 44 பள்ளிகளில் ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களுமே பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்தியிருந்தது வெளிப்பட்டது. ஆசிரியர் சிலர் சிறைத் தண்டனை பெற்றனர். 2015இல் அச்சட்டமே மாற்றப்பட்டது.

நம் நாட்டில் 2019இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்துப் பிள்ளையை நிறுத்திவைக்க வழிசெய்தனர். தமிழ்நாட்டிலும் அவ்வாண்டே பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டது. பத்தகவைப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு! ஆசிரியரும் பெற்றோரும் எதிர்த்தபின் 2020 பிப்பிரவரி 4ஆம் நாள் அது திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டே வந்த ஒன்றியக் கல்விக்கொள்கை மூன்று, ஐந்து, எட்டு என மூன்று வகுப்பிற்கும் தேர்வு என்றது. 2025 ஆகத்தில் வெளிவந்த மாநிலக் கல்விக்கொள்கை அதனை ஏற்கவில்லை. நன்று. ஆனால் அரசாணையை அரசாணை மாற்றும், விழிப்பாயிருத்தல் வேண்டும்.

தேர்வே வேண்டா என்கிறேனா? முப்பதாண்டு தேர்வுத்தாள் திருத்திய கை இது, அவ்வாறு சொல்லாது. மருத்துவன் நாடி பார்ப்பது வேறு. தண்டற்காரன் கதவைத் தட்டுவது வேறு. 2025 பிப்பிரவரியில் நம் மாநிலம் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகட்கு அடைவாய்வு நடத்திற்று. எந்த மாவட்டத்தில் பிள்ளை எங்கே தடுமாறுகின்றது என்று அறிய அது பயன்படுமாயின் வரவேற்போம். அவ்வெண்ணை எடுத்து, இப்பள்ளி முதலிடம், அப்பள்ளி கடையிடம் என்று செய்தித்தாளில் போட்டால் நாடி பார்த்த கையே தண்டற்காரன் கையாகிவிடும். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் நல்ல நோக்கமுடையதே. ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் அடைவையும் ஆசிரியை கைப்பேசியிற் பதிவேற்ற வேண்டியிருக்கின்றது. அலைவரிசை கிடைக்காமல் வேப்பமரத்தடிக்கும் வகுப்பறைக்கும் நடக்கின்றார். பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டிய கண் கைப்பேசியைப் பார்க்கின்றது.

(ஆசிரியரையும் தேர்வு விடவில்லை. 2025 செப்தம்பர் முதல் நாள் உச்ச வழக்குமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்தாண்டிற்கு மேல் உள்ள தொடக்க, நடுநிலை ஆசிரியர்கள் இரண்டாண்டிற்குள் தகுதித்தேர்வில் தேறியாதல் வேண்டும். இருபதாண்டு அகரம் எழுதக் கற்பித்தவர் இப்போது தமக்குக் கற்பிக்கத் தெரியும் என்று கணினியிடம் சான்று வாங்க வேண்டும். நல்லவேளை, வள்ளுவர் ஓய்வு பெற்றுவிட்டார்.)

சீட்டும் தேர்வும் வேறுவேறு என்று எண்ணாதீர்கள். காவடித்தண்டின் இருமுனை அவை. பெற்றோர் வெளியூரில் கூலிவேலை செய்ய, பாட்டி வீட்டில் வளரும் பிள்ளை. அறுவடை தோறும் பள்ளி தவறும் பிள்ளை. மலையிலிருந்து இறங்கி வந்த பழங்குடிப் பிள்ளை. இவர்களெல்லாம் எஞ்சுவது அரசுத் தமிழ்ப் பள்ளியில். எந்தப் பிள்ளையையும் அது திருப்பி அனுப்புவதில்லை. தேர்வு வந்து இப்பள்ளியை நிறுத்து, எடை குறைவு என்கின்றது. சீட்டு வந்து, குறைந்த பள்ளியை விட்டு வெளியே வா என்கின்றது. வெளியேறியபின் எடை இன்னும் குறைகின்றது. அக்குறைவைத் தமிழின்மேல் ஏற்றி, தமிழ்வழிதான் கரணியம் என்கின்றனர். 2012-13 முதல் அரசே தன் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்தது இந்தப் பேச்சுக்கு அஞ்சித்தான். போட்டியில் வெல்வதாக எண்ணி, எதிரியின் கொடியைத் தன் கோட்டையில் ஏற்றினர்.

பெற்றோரை நான் பழிக்கமாட்டேன். பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியாமற் போய்விடுமோ என்பது மெய்யான அச்சம். ஆங்கிலத்தை ஒரு மொழியாக, நன்றாக, பேசும்படி கற்பிக்கும் ஆசிரியர் நம் பள்ளிகளில் வேண்டும். அதற்கு நான் முதலிற் கையொப்பமிடுவேன். ஆங்கிலம் கற்பது வேறு. ஆங்கிலத்திற் கற்பது வேறு. நம் பாவாணர் பன்மொழிப் புலவர். இதே பழைய வட ஆர்க்காட்டு ஆம்பூரிற் பயின்று, அவ்வூரிலேயே ஆசிரியப் பணியும் ஆற்றியவர். அயன்மொழிகளைக் கற்றுத் தமிழுக்கு ஊழியம் செய்தாரேயன்றித் தமிழை விற்று அயன்மொழி வாங்கவில்லை.

1953இல் இராசகோபாலாச்சாரியார் அரைநாட் பள்ளித் திட்டம் கொண்டுவந்தபோது தமிழ்நாடு கொதித்தெழுந்தது. மறு ஆண்டே காமராசர் அதனை நீக்கினார். பின்னர்ச் சிற்றூர் தோறும் பள்ளி திறந்தார். 1956இல் நண்பகலுணவும் தந்தார். பணத்தைப் பிள்ளையின் பின்னே அனுப்பவில்லை அவர். பள்ளியைப் பிள்ளையின் வாயிலுக்கு அனுப்பினார். அன்றைய அரசு இன்றைய அரசினும் ஏழை.

நாம் கேட்பது என்ன? ஐந்து வகுப்பிற்கு ஐந்து ஆசிரியர், தலைக்கணக்குப் பாராமல். 62 ஆனாலும் 26 ஆனாலும் வகுப்பிற்கு ஓர் ஆசிரியர் உண்டென்றால் எந்தத் தாயும் பிள்ளையைச் சிற்றுந்தில் ஏற்றமாட்டார். இதற்கு தில்லியின் இசைவு வேண்டியதில்லை. மாநில அரசின் ஆணை போதும். அடுத்து, நான்கிலொரு பங்குக்குரிய அரசுப்பணம், ஐந்தாம் வகுப்பு வரையேனும் தமிழ்வழியிற் கற்பிக்கும் பள்ளிக்கே செல்லுதல் வேண்டும். கட்டணம் வாங்காத தமிழ்ப் பள்ளிக்கு மாநிலம் தன் பொருளிலிருந்து முழுத் தொகை தருதல் வேண்டும். முன்னதற்குச் சட்டத்திருத்தம் வேண்டும். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், 42ஆம் திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பறிக்கப்பட்டுப் பொதுப்பட்டியலுக்குப் போனதால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வேண்டும். அதனாலேயே கல்வியை மாநிலப் பட்டியலுக்கு மீட்கும் கோரிக்கையை இதனோடு சேர்த்தே வைக்கிறோம். அடைவாய்வு முடிவுகளைப் பள்ளிப்பெயர் சுட்டி வரிசைப்படுத்தி வெளியிடக் கூடாது என்பதும் அதில் உண்டு.

இக்கோரிக்கைகள் அடங்கிய தீர்மான வரைவு வாயிலருகே மேசைமேல் வைக்கப்பட்டிருக்கின்றது. ஊர்ப்பெயருக்கு இடம் விட்டிருக்கிறோம். சிற்றூர்களிலிருந்து வந்தோர் ஆளுக்கொன்று எடுத்துச் சென்று, மே முதல் நாள் கூடும் ஊரவையில் முன்மொழியுங்கள். தலைவர் மறுத்தால் உறுப்பினர் இருவர் கையொப்பத்தோடு எழுத்தில் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். கீழ்பென்னாத்தூர் பேரூராட்சியாதலால் இங்குள்ளோர் மன்ற உறுப்பினரிடம் நேரிற் கொடுக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள தாய்மார்கள் உங்கள் பள்ளியில் இன்று எத்துணைப் பிள்ளைகள், எத்துணை ஆசிரியர்கள், சென்ற ஆண்டு பணிநிரவலில் போனவர் எவரேனும் உண்டா என்று அத்தாளின் பின்பக்கத்தில் எழுதி, அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவாருங்கள்.